பெரியப்பாவின் சாவுக்கு ஒரு லொறி

பெரியப்பாவைச் சாகடித்துவிடுவது என்று கஜேந்திரன் முடிவெடுத்த நேரத்தில், பெரியப்பா கந்தப்பளையில் தன் லீக்ஸ் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியும் ஆள் நல்ல திடகாத்திரம். மலையேறினால் மூச்சு வாங்காது, சோற்றில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றாது. அவருக்கு ஒரு வியாதியும் இல்லை. கஜேந்திரனுக்குத்தான் லீவு இல்லை.

"வேற யாரையாவது பாக்கக்கூடாதாங்க?" என்றாள் அவன் மனைவி சர்மிளா, ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி. "அந்த மனுசன் பாவம். வருசம் தவறாம லீக்ஸும் கேரட்டும் மூட்டை கட்டி அனுப்புறாரு."

"வேற யாரு இருக்கா? உங்க அம்மாவைச் சொல்லட்டுமா?"

சர்மிளா ரொட்டிக் கரண்டியை ஒரு கணம் அந்தரத்தில் நிறுத்தினாள். பிறகு சொன்னாள்:

"பெரியப்பாவே இருக்கட்டும். அவருக்கும் வயசாயிருச்சி."

கஜேந்திரன் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிளாக்கர். அங்கே வந்து ஒரு வருசத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகிறது. ஹட்டனில் அவனோடு படித்தவர்களுக்கெல்லாம் இந்த வருசம் நாற்பது வயது. எல்லாருக்கும் சேர்த்து ஒரே கேக் வெட்டுவது, அதுவும் சீசன் களைகட்டியிருக்கும் நுவரெலியாவில், வாவிக்கரையில் வெட்டுவது என்று முடிவாகியிருந்தது. மதுரன் கனடாவிலிருந்து வந்து இறங்கிவிட்டான். துஷாந்த் கொழும்பிலிருந்து குடும்பத்தோடு வருகிறான். ஏற்பாடெல்லாம் நுவரெலியாவில் கடை வைத்திருக்கும் பைஸர். சீசன் நெரிசலில் அவனுக்கு மண்டபம் கிடைத்தது ஒரு வியாழக்கிழமைதான்.

இதில் கஜேந்திரனுக்கு ஒரு மானப் பிரச்சினை இருந்தது. பைஸரின் கல்யாணத்துக்கு "வரேன் மச்சான்" என்றான், போகவில்லை. மதுரனை வழியனுப்பப் போவதாகச் சொன்னான், போகவில்லை. துஷாந்தின் வீடு குடிபுகலுக்கும் அதே கதை. ஒவ்வொரு தடவையும் அப்போது வேலை பார்த்த தோட்டத்தில் ஏதாவது ஒன்று வந்து காலைப் பிடித்துக்கொள்ளும். கடைசியில் நண்பர்கள் அவன் பெயரையே மறந்துவிட்டார்கள். வாட்ஸப் குழுவில் இப்போது அவன் பெயர் 'வரேன் மச்சான்'.

போன வாரம் பைஸர் போன் எடுத்தான். சிரிக்காமல் பேசினான். அதுதான் கஜேந்திரனைச் சுட்டது.

"நீ இந்தத் தடவையும் வரல்லைன்னா நான் கோவிக்க மாட்டேன் மச்சான். ஆனா இனிமே கூப்பிட மாட்டேன்."

"வரேன் மச்சான்" என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, "சத்தியமா வர்றேன்டா" என்றான் கஜேந்திரன். சொல்லிவிட்டானே தவிர, வழி தெரியவில்லை. புத்தாண்டு மழை பெய்து மலையெல்லாம் கொழுந்து. கொழுந்துக் காலத்தில் யாருக்கும் லீவு இல்லை என்று தோட்ட மேனேஜரான துரை ஆபீஸ் கதவிலேயே ஒட்டிவைத்திருந்தார். ஒரே ஒரு விதிவிலக்கு. சாவு.

அதனால்தான் புதன்கிழமை காலை கஜேந்திரன் துரையின் அறைக்குள் போய், மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றான்.

"கஜேந்திரன், லீவு கதை மட்டும் வேணாம்" என்றார் துரை, தலை நிமிராமலே. அவர் காலிப் பக்கத்துச் சிங்களவர். தமிழைக் கரடுமுரடாகப் பேசினாலும் தாராளமாகப் பேசுவார். "மலையில கொழுந்து. ஸ்டோர்ல கொழுந்து. எனக்குக் கனவுலயும் கொழுந்து."

"சேர், எங்க பெரியப்பா..." என்று நிறுத்தினான். மேலே எப்படிச் சொல்வதென்று நேற்று முழுவதும் ஒத்திகை பார்த்தும் மறந்துபோய்விட்டது. அந்த மறதி நன்றாக வேலை செய்தது.

துரை நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "அனே, பவ் நே! ஐயோ பாவம்! எப்ப?"

"இன்னைக்கு விடியக்காலையில சேர். நாளைக்கு அடக்கம். கந்தப்பளையில."

துரை அவன் தோளில் கை வைத்தார். அவர் நல்ல மனிதராகப் போய்விட்டது கஜேந்திரனின் கெட்ட நேரம்.

"நீ நாளைக்கு வர வேணாம். லொறி தாறன். நம்ம ஆளுங்களைக் கூட்டிட்டுப் போ. மலர்வளையம் ஆபீஸ் கணக்குல. பொன்னையாகிட்ட நான் சொல்றன்."

கஜேந்திரனுக்கு அப்போதுதான் அந்தத் தோட்டத்து வழக்கம் ஞாபகத்துக்கு வந்தது. கல்யாணத்துக்கு லொறி கேட்டால் நிர்வாகம் டீசல் விலையைப் பேசும். கோயில் திருவிழாவுக்குக் கேட்டால் டயரைக் காட்டும். சாவு வீடு என்றால் மட்டும் மறுபேச்சில்லாமல் சாவியைக் கொடுத்துவிடும். மரண உதவிச் சங்கம் அதில் ஏறிப்போய் மரியாதை செய்துவிட்டு வரும்.

"லொறி எதுக்குங்க சேர்? தூரம்..."

"தூரம்தானே, அதுக்குத்தான் லொறி" என்றார் துரை.

ஆபீஸ் படியில் இறங்கும்போதே மரண உதவிச் சங்கத் தலைவர் பொன்னையா கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். நெற்றியில் விபூதி, முகத்தில் கனத்த சோகம். தோட்டத்தில் யார் மூச்சு நின்றாலும் அந்தச் சோகத்தை எடுத்து மாட்டிக்கொள்வதில் அவருக்கு நல்ல பழக்கம்.

"பியோன் சொன்னாருங்கய்யா. மனசைத் தேத்திக்குங்க. என்னாச்சிங்க பெரியவருக்கு?"

கஜேந்திரன் அதை யோசித்திருக்கவில்லை. "விழுந்துட்டாரு."

"ஐயையோ! எங்கேருந்துங்க?"

"லீக்ஸ் பாத்தியில இருந்து."

லீக்ஸ் பாத்தி ஒரு சாண் உயரம்கூட இருக்காது. பொன்னையா கையை விரித்து ஒரு சாண் அளந்து பார்த்தார்.

"மாரடைப்பு வந்து விழுந்துட்டாரு" என்று அவசரமாகச் சேர்த்தான் கஜேந்திரன்.

"அப்படிச் சொல்லுங்க. நெஞ்சுவலின்னா எங்க வேணும்னாலும் விழலாம்ங்க." பொன்னையா திருப்தியானார். "நாளைக்கு சங்கத்துல எல்லாரும் வந்துர்றோம்."

"அதெல்லாம் வேணாம் பொன்னையாண்ணே. சனங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"சிரமம் என்னங்கய்யா சிரமம். உங்க பெரியப்பா எங்க பெரியப்பா."

"இல்ல, அடக்கம் காலையிலயே முடிஞ்சிரும். நீங்க வந்து சேர்றதுக்குள்ள..."

"அப்ப வெள்ளனவே கெளம்பிருவோம்."

கஜேந்திரன் பின்வாங்கி வேறு பக்கத்தால் வந்தான். "இன்னொரு விசயம். பிரேதம் இன்னும் வீட்டுக்கே வந்து சேரல. எப்ப வரும்னு தெரியாது. அந்தியாயிரலாம். சாப்பாடு தண்ணி ஒண்ணும் இருக்காது அங்க."

"காலையிலயே முடிஞ்சிரும்னீங்க?"

"ஆமா."

"பிரேதமே அந்திக்குத்தான் வருங்கிறீங்க?"

"ஆமா..."

இதோடு மாட்டிக்கொண்டோம் என்று கஜேந்திரன் நினைத்தான். வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும், பொய் சொல்லிச் சாகடித்தவன் என்று பெயர் மட்டும் நிலைக்கும். ஆனால் பொன்னையா தலையை மெல்ல ஆட்டினார்.

"துக்கத்துல மனுசனுக்கு முன்னப்பின்னதான் வரும். நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க. சாப்பாட்டை நாங்களே கட்டிட்டு வந்துர்றோம். அந்தி வரைக்கும் இருந்து அனுப்பி வச்சிட்டுத்தான் திரும்புவோம். எலுமிச்சம் சோறு போதுமுங்களா, கோழியும் போட்டுக்கலாமா?"

"சாவுக்குக் கோழியா?"

"பிள்ளைங்களும் வருதுங்களே" என்றார் பொன்னையா, அதுவே போதுமான விளக்கம் என்பதுபோல்.

வாயைத் திறக்கத் திறக்கக் கூட்டம் பெருகுவதைக் கண்டு கஜேந்திரன் வாயை மூடிக்கொண்டான். பொன்னையா விடவில்லை.

"அந்தக் கண்ணீர் அஞ்சலியை மட்டும் ஐயாவே எழுதிக் குடுத்துருங்க. பேனர் நான் ஹட்டன்ல அடிச்சிக்கிறேன். போன வருசம் இதே சித்திரையில நம்ம லொறி டிரைவர் பழனியாண்டியோட மாமியா தவறினப்ப எழுதினீங்களே, அடடா! படிச்சிட்டு அழாத ஆளு உண்டா?"

அது உண்மைதான். கஜேந்திரன் தோட்டத்துக்கு வந்த புதிது. அந்த அம்மாளை அவன் கண்ணால் பார்த்ததில்லை. பழனியாண்டி வந்து நின்று, "பேரு பூங்காவனம்ங்க, ரொம்ப வருசம் கொழுந்து எடுத்தவங்க" என்று மட்டும்தான் சொன்னான். 'கூடை சுமந்த தோளுக்கு ஓய்வு கேட்டுப் போனாயோ, குளிர்ந்த மலையெல்லாம் உன் குரல் கேட்டு நிற்கிறதே' என்று எழுதி முடித்துவிட்டு அவனே மூக்கைச் சிந்தினான். அன்றைக்கும் லொறி நிறைய ஆட்கள் போனார்கள். ஆபீஸைப் பார்த்துக்கொள்ள அவன் ஒருவன்தான் மிஞ்சினான்.

முன்பின் தெரியாத அம்மாளுக்கு அருவியாகக் கொட்டிய தமிழ், சொந்தப் பெரியப்பாவுக்கு முரண்டு பிடித்தது. உயிரோடிருப்பவருக்கு எழுதுவது அவ்வளவு லேசில்லை. கடைசியில் 'லீக்ஸ் பாத்தியும் உனைத் தேடுதே' என்று ஒரு வரி எழுதி, கல்யாண வீட்டுப் போட்டோ ஒன்றையும் கொடுத்து அனுப்பினான்.

பிறகு தேயிலை ஸ்டோருக்குப் பின்னால் போய்ப் பெரியப்பாவுக்கு போன் எடுத்தான்.

"பெரியப்பா, எனக்கு ஒரு உதவி செய்யணும். நீங்க நாளைக்கு ஒருநாள் மட்டும் செத்துப்போயிருக்கணும்."

அந்தப் பக்கம் லீக்ஸ் பாத்தியில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீரை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"எதுலடா செத்தேன்?" என்றார் பெரியப்பா முத்துலிங்கம்.

"மாரடைப்பு."

"நல்ல வேளை. சீனி வருத்தம்னு சொல்லியிருந்தியானா ஒருத்தனும் இனிமே எனக்குத் தேத்தண்ணியில சீனி போட மாட்டான். எத்தனை பேரு வர்றாங்க?"

"ஒரு லொறி."

"ஒரு லொறியா!" குரலில் பெருமை தெரிந்தது. "நெசமாவே செத்தாக்கூட அவ்வளவு பேரு வரமாட்டாங்கடா. சரி, நான் என்ன பண்ணணும்?"

"வீட்டைப் பூட்டிட்டு எங்கேயாவது போயிருங்க. நான் அவங்களைக் கூட்டிட்டு வந்து, பிரேதத்தை ராகலையில சொந்தக்காரங்க வீட்டுக்குக் கொண்டு போயிட்டாங்கன்னு சொல்லித் திருப்பி அனுப்பிருவேன். அப்புறம் நான் மட்டும் பஸ்ஸைப் பிடிச்சி நுவரெலியா பார்ட்டிக்குப் போயிருவேன்."

"பார்ட்டியா? கேக்கெல்லாம் உண்டா?"

"பெரியப்பா..."

"செத்தவன் எங்கடா போவேன்? யாரு வீட்டுக்குப் போனாலும் ஏன் வந்தேன்னு கேப்பாங்க. ஒன் பைஸர் எனக்குத் தெரிஞ்ச பையன்தானே? என் லீக்ஸை அவன் கடைக்குத்தான் போடுறேன். நான் அங்கேயே போய் ஒளிஞ்சிக்கிறேன்."

செத்துக்கொடுக்கிறவரின் கடைசி ஆசை ஒரு துண்டு கேக் என்றால் எப்படி மறுப்பது?

வியாழக்கிழமை விடிய லொறி வந்து நின்றது. முன்பக்கம் பேனரில் பெரியப்பாவின் முகம் கறுப்பு வெள்ளையில் ஓர் ஆள் உயரத்துக்குச் சிரித்தது. இரண்டு பக்கமும் வெள்ளைக்கொடி. துரையின் மலர்வளையம் கதவில் தொங்கியது. உள்ளே பாய் விரித்து, நாற்காலி அடுக்கி, அண்டாவை ஏற்றி, தப்படிப்பவர்கள் தப்போடு ஏறி, பெண்களும் பிள்ளைகளும் ஏறி, அதற்கு மேல் ஊசி குத்த இடமில்லை. ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு பெரிய பை. துக்க வீட்டுக்கு மாற்றுத்துணி அவசியம்தானே என்று கஜேந்திரன் நினைத்துக்கொண்டான்.

சர்மிளா வெள்ளைச் சேலையில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு கேட்டாள். "இவ்வளவு சனம் வருதே, எப்படிங்க திருப்பி அனுப்பப் போறீங்க?"

"பேசாம வா. கந்தப்பளை போற வரைக்கும் அழுதுக்கிட்டே இரு."

"எனக்கு அழுகை வரல. சிரிப்புத்தான் வருது."

துரையின் பங்களாவைத் தாண்டும்போது பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் ஒப்பாரி வைத்தார்கள். மலையே கிடுகிடுத்தது. துரை வாசலுக்கு வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். கஜேந்திரன் வெட்கத்தில் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். அது பார்ப்பதற்கு மிகப் பொருத்தமாக இருந்தது.

ஹட்டன் தாண்டியதும் தொண்டை வறண்டதோ என்னவோ, ஒப்பாரி நின்றது. பிளாஸ்கில் தேத்தண்ணி வந்தது. பின்னாலேயே வடை வந்தது.

"சாப்பிடுங்கய்யா, தெம்பா இருக்கணும்" என்று பொன்னையா ஒரு வடையைத் திணித்தார். கஜேந்திரன் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். என்ன மாதிரியான சனம், யாரோ ஒருவருடைய பெரியப்பாவுக்காக ஒருநாளைத் தொலைத்துவிட்டு வருகிறதே, இதுகளையா ஏமாற்றுகிறோம் என்று மனசு குத்தியது. தலவாக்கலைக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு தடவை உண்மையைச் சொல்ல வாயெடுத்து, இரண்டு தடவையும் குவார்ட்டர்ஸை நினைத்து மூடிக்கொண்டான்.

தலவாக்கலையில் பழனியாண்டி லொறியை ஓரம் கட்டி ஹோர்ன் அடித்தான். ரோட்டோரம் காத்திருந்த ஒரு வயசான அம்மாள், வெள்ளைச் சேலைக்கு மேல் பச்சை ஸ்வெட்டரும் தோளில் ஒரு பையுமாக, நான்கு பேர் கைகொடுக்க ஏறி வந்து கஜேந்திரன் பக்கத்தில் இடம் பிடித்தாள்.

"யாரு இவங்க?" என்றான் கஜேந்திரன்.

"நம்ம சனம்தாங்க. வர்றேன்னு ஆசைப்பட்டாங்க" என்றார் பொன்னையா.

"சாவு வீட்டுக்கு ஆசைப்பட்டாங்களா?"

"மரியாதை செய்யங்கய்யா."

வளைவுகளில் அந்த அம்மாளுக்குத் தலை சுற்றியது. கஜேந்திரன் சித்தாலேப தைலம் எடுத்து நெற்றியில் தடவிவிட்டான். எலுமிச்சம்பழம் ஒன்றை வாங்கி மூக்கில் வைத்துக்கொடுத்தான். இப்படி ஏதாவது நல்ல காரியம் செய்தால் பாவம் கொஞ்சம் குறையும் என்று அவனுக்கொரு நினைப்பு. அந்த அம்மாள் அவனையே உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"தம்பிதானே புது கிளாக்கரையா? உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா..."

"பெரியம்மா, இப்ப வேணாம்" என்று பொன்னையா அவசரமாகக் குறுக்கிட்டார். "ஐயா துக்கத்துல இருக்காரு. அங்க போய்ப் பேசிக்கலாம்."

நானுஓயாவைத் தாண்டி நுவரெலியாவை நெருங்கியபோது வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. கொழும்பே திரண்டு குளிர் வாங்க வந்திருந்தது. பழனியாண்டி எட்டிப் பார்த்துவிட்டு லொறியைச் சட்டென்று ஒரு பக்கம் ஒடித்தான்.

"எந்தப் பக்கம் போறீங்க?" என்று கஜேந்திரன் டிரைவர் முதுகுப்பக்கத்து ஜன்னல் வழியாகப் பதறினான்.

"டவுனுக்குள்ள நெரிசலுங்க. ஏரிப்பக்கமா போனா சுருக்கா போயிரலாம்."

"ஏரிப்பக்கம் வேணாம்! டவுனுக்குள்ளயே போங்க! எவ்வளவு நேரமானாலும் பரவால்ல!"

"ஏங்கய்யா, பெரியவரு காத்துக்கிட்டு இருப்பாருல்ல" என்றான் பழனியாண்டி.

காத்துக்கொண்டுதான் இருந்தார்.

வாவிக்கரையில், ரோட்டைப் பார்த்தபடி, ஒரு பெரிய கலர் பேனர் கட்டியிருந்தது. 'நாற்பதைத் தொட்ட நண்பர்கள்' என்று மேலே. கீழே இருபது இருபத்தைந்து முகங்கள். எல்லா முகமும் தீப்பெட்டி அளவு. ஒரே ஒரு முகம் மட்டும் பூசணிக்காய் அளவு. அது கஜேந்திரன். அதன் கீழே பைஸர் எழுத வைத்திருந்தான்: 'வரேன் மச்சான், இந்தத் தடவையாவது வந்தியா?'

வாகனங்கள் நின்றன. லொறியும் நின்றது, பேனருக்கு நேர் எதிரே. லொறியில் தொங்கிய பெரியப்பாவும் ரோட்டோரம் தொங்கிய கஜேந்திரனும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"ஐயா, அது நீங்கதானே?" என்றது ஒரு பிள்ளை.

"இல்ல" என்றான் கஜேந்திரன். அவ்வளவு பெரிய முகத்தை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

அதற்குள் மண்டபத்து வாசலில் நின்ற பைஸர் பார்த்துவிட்டான். கையில் மைக். "டேய்! வரேன் மச்சான் வந்துட்டான்டா!" என்ற சத்தம் ஏரி முழுவதும் கேட்டது. மதுரனும் துஷாந்தும் ஓடிவந்தார்கள். மூன்று பேருமாக லொறியின் பின்கதவைத் திறந்து, வெள்ளைச் சட்டையும் விபூதியுமாக இருந்த கஜேந்திரனை இழுத்து இறக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

"லொறி புடிச்சி ஆளுங்களோட வந்திருக்கியே மச்சான்!" பைஸர் அவன் முதுகில் ஒரு குத்து விட்டான். "உன்னைப் போய் நான் சந்தேகப்பட்டேனே."

கஜேந்திரனுக்கு அழுகை வந்துவிட்டது. நேற்றிலிருந்து எவ்வளவு முயன்றும் வராத அழுகை. இத்தனை வருசம் இவன்களை விட்டுவிட்டு எந்தக் கணக்கைக் கூட்டிக்கொண்டிருந்தோம் என்று நினைத்து நிஜமாகவே அழுதான்.

அப்போதுதான் மண்டபத்திலிருந்து பெரியப்பா வெளியே வந்தார். தலையில் கூம்புத் தொப்பி. மீசையில் கிரீம். கையில் தட்டு. லொறிக்கு முன்னால் போய் நின்று, தன்னைத் தானே ஏற இறங்கப் பார்த்தார்.

"போட்டோ நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஆனா என்னடா இது, லீக்ஸ் பாத்தியும் தேடுதாமில்ல? வேற ஒண்ணும் கெடைக்கலியா?"

லொறிக்குள் தப்பு, அண்டா, மடிமேல் பை எல்லாவற்றோடும் அத்தனை பேரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள். ரோட்டோரத்துப் பேனரைப் பார்த்தார்கள். மறுபடியும் பெரியப்பாவைப் பார்த்தார்கள். சர்மிளா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஓடி ஒளிய இடமில்லை. கஜேந்திரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, லொறியைப் பார்த்துக் கைகூப்பினான்.

"எல்லாரும் என்னை மன்னிச்சிருங்க. பெரியப்பா சாகல. இவங்கள்லாம் என் கூடப் படிச்சவங்க. ஒருநாள், ஒரே ஒருநாள் இவங்களோட இருக்கணும்னு ஆசைப்பட்டேன். லீவு கெடைக்கல. அதுக்காக வாய் கூசாமப் பொய் சொல்லி, உங்க எல்லாரையும் இவ்வளவு தூரம் அலைய வச்சிட்டேன். தொரைகிட்ட சொல்றதுன்னா சொல்லிருங்க. நான் மறுக்க மாட்டேன்."

பொன்னையா பழனியாண்டியைப் பார்த்தார். பழனியாண்டி பொன்னையாவைப் பார்த்தான். பிறகு குனிந்து லொறி எஞ்சினை நிறுத்தினான்.

தலவாக்கலையில் ஏறிய அம்மாள்தான் முதலில் எழுந்தாள். பச்சை ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு, பையைத் தோளில் மாட்டி, கஜேந்திரனிடம் கையை நீட்டினாள். அவன் தலைகுனிந்தபடியே பிடித்து இறக்கிவிட்டான். இறங்கியும் அவள் அவன் கையை விடவில்லை. வாத்சல்யமாகத் தட்டிக்கொடுத்தாள்.

"நான் பழனியாண்டியோட மாமியா பூங்காவனம் தம்பி. எனக்கு நீங்க எழுதின அஞ்சலியைக் கண்ணாடி போட்டு மாட்டி வச்சிருக்கேன், அம்புட்டு நல்லா இருந்திச்சி. சரி, அந்த அன்னப்பட்சி படகு எங்க நிக்குதுன்னு காட்டுங்க, போன வருசம் நான் செத்தன்னிக்கி இங்க ஒரே கூட்டம், ஏறவே முடியல."